சக்கரம் மாற்றிய பிறகு எரியும் மஞ்சள் விளக்கு: இளம் டயர் மெக்கானிக்குக்கு ஒரு கடிதம்

பிக்கப் வண்டிக்குப் புது அலாய் வீல் போட்ட மறுநாளே டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். குதிரை லாடம் போன்ற வடிவம், நடுவே ஆச்சரியக்குறி. உரிமையாளர் திரும்பி வந்து "சென்சார் போச்சு" என்பார். பெரும்பாலும் சென்சார் போயிருக்காது. பழைய சக்கரத்தோடு அது வீட்டுக்குப் போயிருக்கும், அல்லது புதிதாக மாட்டிய சென்சாரின் எண்ணை வண்டிக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள், அல்லது டயர் கழற்றும்போது வால்வில் அடி பட்டிருக்கும். உண்மையாகவே செத்துப்போன சென்சார் கடைசியில் பார்க்க வேண்டியது. இந்த வரிசையை விட்டுவிட்டு எடுத்தவுடன் டயரைப் பிரிக்கும் கடையில் நல்ல சென்சாரும் உடைகிறது.

திருப்பூர் வட்டாரத்தில் இந்த வேலை இரண்டு விதமாக வருகிறது. நிட்டிங்கிலிருந்து சாயப்பட்டறைக்கும், அங்கிருந்து காம்பாக்டிங்குக்கும், பிறகு கட்டிங்குக்கும் துணி ரோல் சுமக்கும் பொலேரோ பிக்கப், தோஸ்த், ஏஸ் வண்டிகள் பெரும்பாலும் டயர் அழுத்த சென்சார் இல்லாமலேயே கம்பெனியிலிருந்து வருகின்றன. அவற்றில் உரிமையாளர் வெளியில் வாங்கிப் போட்ட மூடி வகை சென்சார்தான் இருக்கும். பனியன் கம்பெனி முதலாளிகள் சொந்தமாக ஓட்டும் பெரிய பிக்கப், எஸ்யூவிகளில் சில மாடல்களுக்கு சக்கரத்துக்கு உள்ளேயே சென்சார் உண்டு. அகலமான டயரும் புது ரிம்மும் மாற்றும் ஆசை அதிகம் இருப்பதும் இந்த இரண்டாவது வகையில்தான்.

உள்ளே இருக்கும் சென்சார் கிட்டத்தட்ட ஒரு தீப்பெட்டி அளவு. ரிம்மின் உட்புறத்தில், வால்வின் அடியோடு சேர்ந்து உட்கார்ந்திருக்கும். அழுத்தத்தை உணர அதில் ஒரு சிறு துளை உண்டு. பேட்டரி பிசினுக்குள் புதைந்திருப்பதால் பேட்டரியை மட்டும் மாற்ற முடியாது. ஐந்து முதல் பத்து ஆண்டு வரை ஓடும், தீர்ந்தால் முழு சென்சாரும் புதிது. வண்டி நிற்கும்போது அது தூங்கும், சக்கரம் சுழன்றால் விழித்துக்கொண்டு ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒரு முறை தன் எண்ணையும் அழுத்தத்தையும் ரேடியோவில் அனுப்பும். காற்று சட்டென்று இறங்கினால் உடனே அனுப்பும். ஒவ்வொரு சென்சாருக்கும் தனி எண். வண்டியின் கணினி தன்னிடம் பதிவான எண்களை மட்டுமே கேட்கும், மற்றவை எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் அதற்குக் கேட்காது.

எல்லா வண்டியிலும் இப்படி ஒரு பொருள் இருக்கும் என்றும் நினைத்துவிடக் கூடாது. சில மாடல்களில் சக்கரத்துக்குள் எதுவுமே இருக்காது. ஏபிஎஸ் அமைப்பு நான்கு சக்கரங்களின் சுழற்சியை ஒப்பிட்டு, காற்று குறைந்து சிறுத்த சக்கரம் வேகமாகச் சுற்றுவதைக் கண்டுபிடிக்கும். அங்கே செய்ய வேண்டியது நான்கிலும் சரியான காற்றுப் பிடித்து, மெனுவிலோ பட்டனிலோ ரீசெட் கொடுப்பது மட்டும். இதை விசாரிக்காமல் சென்சார் தேடி டயரைப் பிரித்தால் உள்ளே வெறும் ரிம்தான் இருக்கும்.

விளக்கு எரியும் விதத்திலேயே பாதி விடை இருக்கிறது. சாவி போட்டதும் எரிந்து அப்படியே நிலையாக நின்றால் ஏதோ ஒரு டயரில் காற்று குறைவு. ஒன்று, ஒன்றரை நிமிடம் மினுக்கிவிட்டுப் பிறகு நிலையாக எரிந்தால், பல வண்டிகளில் அமைப்பிலேயே கோளாறு என்று பொருள், அதாவது ஏதோ ஒரு சென்சாரின் குரல் வந்து சேரவில்லை. இந்தக் கோளாறை உறுதி செய்யக் கணினி இருபது நிமிட ஓட்டம் வரை எடுத்துக்கொள்ளலாம். கடையில் அணைந்திருந்த விளக்கு பெருமாநல்லூர் தாண்டியதும் எரிவது இதனால்தான். கடையை விட்டுப் போகும்போது எரியவில்லை என்பதை வேலை முடிந்ததற்குச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

முதலில் கையில் எடுக்க வேண்டிய கருவி சாதாரண காற்று கேஜ். டயர் குளிர்ந்திருக்கும்போது, அதாவது வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற பிறகு, நான்கு சக்கரத்தையும் ஸ்டெப்னியையும் அளந்து, ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவோடு ஒப்பிட வேண்டும். வெயிலில் ஓடி வந்த டயரில் அழுத்தம் கூடித்தான் இருக்கும், அதைப் பார்த்துக் காற்றை இறக்குவது தவறு. வெப்பம் குறைந்தாலும் கணக்கு மாறும். 35 டிகிரி வெப்பத்தில் 33 பிஎஸ்ஐ பிடித்த டயர், டிசம்பர் காலையில் 10 டிகிரியில் நிற்கும்போது சுமார் 29 காட்டும். பஞ்சரும் இல்லை, சென்சார் கோளாறும் இல்லை. ஏற்கெனவே காற்று குறைவாகப் பிடித்திருந்த டயர் என்றால் விளக்கு எரிவதற்கு அதுவே போதும்.

காற்று சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால் அடுத்த கேள்வி: சென்சார்கள் எங்கே? புது ரிம்மில் அவை மாற்றப்பட்டனவா, பழைய ரிம்மிலேயே உள்ளனவா? இதற்கு டயரைப் பிரிக்க வேண்டியதில்லை. டயர் அழுத்த சென்சாரைப் படிக்கும் டிபிஎம்எஸ் கருவியை வால்வுக்குப் பக்கத்தில் டயரின் பக்கவாட்டில் பிடித்தால், 125 கிலோஹெர்ட்ஸ் அலையால் சென்சாரை எழுப்பி அதன் எண், அழுத்தம், பேட்டரி நிலை மூன்றையும் திரையில் காட்டும். நான்கும் பதில் சொன்னால் சென்சார்கள் நலம், பெரும்பாலும் வண்டியில் எண் பதிவு மட்டும் பாக்கி. ஒன்று மட்டும் பதில் சொல்லாவிட்டால் அந்த ஒரு சக்கரத்தைத்தான் பிரிக்க வேண்டும்.

ஆன்லைனில் வாங்கிய சென்சார் என்றால் அலைவரிசையைப் பார்ப்பது அவசியம். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் 433 மெகாஹெர்ட்ஸ் வழக்கம், அமெரிக்க வண்டிகள் பலவற்றில் 315. அந்த நாட்டு ரிம் செட்டோடு வந்த சென்சார் கருவிக்குப் பதில் சொல்லும், வண்டிக்குக் கேட்கவே கேட்காது.

எண்ணைப் பதிவு செய்ய மூன்று வழிகள் உள்ளன. சில வண்டிகள் ஓட்ட ஓட்டத் தாமே கற்றுக்கொள்ளும். சிலவற்றில் மெனுவில் நுழைந்து, அது சொல்லும் வரிசைப்படி ஒவ்வொரு சக்கரமாகக் கருவியால் எழுப்ப வேண்டும். மற்றவற்றில் எண்களை வண்டியின் பழுதறியும் ஓபிடி சாக்கெட் வழியாக நேரே எழுத வேண்டும். எந்த வண்டிக்கு எது என்பது உரிமையாளர் கையேட்டில் இருக்கும், ஊகம் வேண்டாம். தானாகக் கற்கும் வண்டியைக் குமரன் ரோட்டு நெரிசலில் நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் கற்காது. அவிநாசி வரை ஒரே சீராக ஒரு முறை போய் வந்தால் போதும். இன்னொரு சிக்கல் கடைக்குள்ளேயே நடக்கிறது. கழற்றிய பழைய சக்கரங்களை அதே வண்டியின் பின்தொட்டியில் ஏற்றிவைத்து, பதிவு நடக்கும்போது அவற்றில் காற்றை இறக்கினால், அந்தச் சென்சார்கள் விழித்துக் குரல் கொடுக்கும். வண்டி அவற்றின் எண்ணைப் பிடித்துக்கொள்ளும். பழைய சக்கரங்களைச் சில மீட்டர் தள்ளி வைத்துவிட்டுத்தான் பதிவைத் தொடங்க வேண்டும். சக்கரங்களை இடம் மாற்றி மாட்டினாலும் பல வண்டிகளில் மறுபதிவு தேவை. இல்லையேல் பின் இடது டயரில் காற்று இறங்கும்போது திரை முன் வலதைக் காட்டும்.

டயர் பிரிக்கும் மெஷினில் கை கவனமாக இருக்க வேண்டும். ஓரத்தை அமுக்கும் இரும்புத் தட்டு வால்வுக்கு நேர் எதிரே இருக்க வேண்டும். வால்வின் மேல் அது இறங்கினால் சென்சாரின் உறை ஒரே அழுத்தில் விரியும். மாட்டும்போதும், கடைசியாக உள்ளே விழும் டயர் ஓரம் சென்சாரின் மேல் விழாதபடி ரிம்மைத் திருப்பி வைக்க வேண்டும். ஒவ்வொரு முறை டயர் மாற்றும்போதும் வால்வின் ரப்பர் வளையம், நட்டு, வால்வு பின், மூடி நான்கையும் புதிதாகப் போடுவது முறை. நட்டை டார்க் ஸ்பேனரால் உற்பத்தியாளர் சொன்ன அளவுக்கே முறுக்க வேண்டும். பல சென்சார்களில் அது 4 முதல் 8 நியூட்டன் மீட்டருக்குள்தான், கைப்பலத்துக்கு அங்கே வேலையில்லை.

அலுமினிய வால்வுக்குள் சாதாரண பித்தளைப் பின்னைப் போடுவது இந்த ஊரில் குறிப்பாக ஆபத்து. சாயப்பட்டறைகளுக்கு உப்பு மூட்டை ஏற்றும் வண்டிகளில் உப்பு ஈரம் சக்கரம் வரை இறங்கும். பித்தளையும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கும். பிறகு பின்னைக் கழற்றப் போனால் வால்வின் கழுத்தே உடைந்து கையோடு வரும். நிக்கல் பூசிய வால்வு பின்னையே போட வேண்டும். பஞ்சர் தடுக்க ஊற்றும் ஜெல்லும் சென்சாரின் அழுத்தத் துளையை அடைத்துவிடும். ஜெல் ஊற்றிய டயரா என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

இதையெல்லாம் விடப் பெரிய ஆபத்து, விளக்கு எரியாமலே இருக்கும் வண்டியில் இருக்கிறது. கணினிக்குத் தெரிந்தது கம்பெனி டயருக்கான காற்றின் அளவு மட்டும். அமெரிக்க விதிப்படி, பரிந்துரைத்த அழுத்தத்தில் 25 சதவீதம் குறைந்தால் விளக்கு எரிய வேண்டும். பல வண்டிகள் இதே கணக்கைப் பின்பற்றுகின்றன. பரிந்துரை 36 என்றால் 27இல் எரியும். அதே வண்டிக்குச் சுமை தாங்கும் கனமான டயர் மாற்றி, அதற்குச் சுமையோடு 50 தேவை என்று வைத்துக்கொண்டால், காற்று 30க்கு இறங்கினாலும் விளக்கு எரியாது. அந்த டயர் அதற்குள் பக்கவாட்டில் மடங்கி மடங்கிச் சூடேறிக்கொண்டிருக்கும். இந்த விதி வந்ததே அப்படி வெடித்த டயர்களால்தான். 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் டயர்கள் 65 லட்சம் திரும்பப் பெறப்பட்டன, அதே ஆண்டில் சட்டம் வந்தது. இந்தியாவில் 2020 ஜூலையில் மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டு, டியூப்லெஸ் டயரும் பழுது நீக்கும் கிட்டும் அழுத்த சென்சாரும் உள்ள சிறிய வாகனங்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்றானது. ஸ்டெப்னி இல்லாத வண்டிக்கு இந்தச் சென்சார்தான் காவல். டயர் வகை மாறினால் எச்சரிக்கை அளவையும் மாற்றி எழுத முடியுமா என்று பார்க்க வேண்டும். முடியாவிட்டால் வாரம் ஒரு முறை கேஜ் வைத்துப் பார்க்கும்படி ஓட்டுநரிடம் நேரில் சொல்ல வேண்டும்.

சரக்கு பிக்கப்புகளின் மூடி வகை சென்சாருக்குக் கோளாறுகள் எளியவை. பேட்டரி வெளியிலிருந்தே மாற்றக்கூடியது. மூடி வால்வு பின்னை அழுத்தித் திறந்தே வைத்திருப்பதால், ரப்பர் வாஷர் சற்று நகர்ந்தாலும் காற்று கசியும். மாட்டியதும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்காமல் விடக் கூடாது. ரப்பர் வால்வில் அந்தக் கூடுதல் எடை சுழன்று சுழன்று அடிப்பாகம் வெடிப்பு விடும், உலோக வால்வே பொருத்தம். தாராபுரம், ஒட்டன்சத்திரம் வழியாகத் தூத்துக்குடி போகும் வண்டி வழியில் எங்காவது காற்றுப் பிடிக்கும். நான்கு மூடிகளும் ஒரே மாதிரி இருப்பதால் இடம் மாறித் திரும்ப ஏறும். எந்த மூடி எந்தச் சக்கரத்துக்கு என்று ரிம்மில் பெயின்ட் புள்ளி வைத்துக் கொடுத்தால் அந்தக் குழப்பம் வராது.

நான்கு சென்சாரையும் ஒரு பிவிசி குழாயில் போட்டுக் காற்றேற்றி அடைத்து, சீட்டுக்கு அடியில் வைத்து விளக்கை அணைக்கும் தந்திரமும் உண்டு. வாடிக்கையாளரே கேட்டாலும் அதைச் செய்யக் கூடாது. ஓட்டுநரையும் பின்னால் பைக்கில் வருபவரையும் ஏமாற்றும் வேலை அது.

வேலை முடிந்ததும் பில்லின் பின்புறத்தில் நான்கு சென்சார் எண்கள், அவை இருக்கும் சக்கரம், பிடித்த காற்றின் அளவு, தேதி ஆகியவற்றை எழுதி வண்டியிலேயே வைக்கச் சொல்ல வேண்டும். அந்தத் தாள் இருந்தால், அடுத்த முறை எந்த ஊரில் விளக்கு எரிந்தாலும் எந்தச் சென்சார் பேசவில்லை என்பது ஒரு டயரையும் பிரிக்காமல் தெரிந்துவிடும்.