வாளிக் கணக்கும் ஸ்ரார்ட் சுவிச்சும்

வளவைத் துப்புரவாக்கவும், வீட்டு அத்திவாரத்துக்குள் மண் நிரப்பவும், உடைந்த ஒழுங்கையைத் திருத்தவும் முன்வாளி பூட்டிய உழவு இயந்திரம் உங்கள் கிராமத்துக்கு வரும். சில இடங்களில் சங்கத்தின் பொறுப்பில் இருக்கும். சில இடங்களில் நீங்களே வாடகைக்குப் பிடிக்க வேண்டியிருக்கும். எப்படியானாலும் பணம் கியூப் கணக்கில்தான் போகும். ஒரு கியூப் என்பது 100 கன அடி. “பத்து வாளி போட்டால் ஒரு கியூப்” என்று சாரதி சொன்னால், ஓம் என்று தலையாட்ட முன் அந்த வாளியை ஒருமுறை நீங்களே அளந்து பாருங்கள். அளவு நாடா ஒன்று போதும்.

வாளியை நிலத்தில் தட்டையாக வைக்கச் சொல்லுங்கள். உட்பக்க அகலம், முன்விளிம்பிலிருந்து பின்மூலை வரை அடித்தகட்டின் நீளம், பின்சுவரின் உயரம் ஆகிய மூன்றையும் எடுங்கள். பக்கத்திலிருந்து பார்த்தால் வாளி ஏறக்குறைய முக்கோணமாக இருக்கும். ஆகவே நீளத்தை உயரத்தால் பெருக்கிப் பாதியாக்கி, அதை அகலத்தால் பெருக்குங்கள். அகலம் 5 அடி, நீளம் 2 அடி, உயரம் ஒன்றேமுக்கால் அடி என்றால், விளிம்பு மட்டத்துக்கு 8.75 கன அடி வரும். வாளியின் அடி வளைந்து அகன்றிருந்தால் உண்மை அளவு இதைவிடச் சற்றுக் கூடும்.

இதே வாளியில் மண்ணைக் குவித்து அள்ளினால் ஏறக்குறைய 12 கன அடிக்கு மேல் கொள்ளும். குவித்தால் 8 வாளியே ஒரு கியூப். மட்டமாக அள்ளினால் பதினொன்றரை வாளி வேண்டும். சாரதியின் “பத்து வாளி” குவித்தவையானால் உங்களுக்கு இலாபம். மட்டமானவையானால் 87 கன அடிதான் கிடைக்கும். ஒவ்வொரு கியூபிலும் எட்டில் ஒரு பங்கு குறைகிறது. சாரதி ஏமாற்றுகிறார் என்று சொல்ல வரவில்லை. அவருக்கும் பல வேளை இந்தக் கணக்குத் தெரியாது. வேலை தொடங்க முன் பேசி வைத்தால் பிறகு வாக்குவாதம் இல்லை.

பெட்டியில் ஏற்றுவதானால் சோதிப்பது இன்னும் சுலபம். பெட்டியின் உட்பக்கம் 10 அடிக்கு 5 அடி என்றால், மண்ணை மட்டப்படுத்தியபின் 2 அடி உயரம் நிற்க வேண்டும். அதுதான் ஒரு கியூப்.

எவ்வளவு மண் தேவை என்று பார்க்கும்போது இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அள்ளிய மண் இளகி ஊதியிருக்கும். தண்ணீர் விட்டு இடித்தால் இறங்கும். 12 அடிக்கு 10 அடி அறையை ஒன்றரை அடி உயர்த்த 180 கன அடி வரும். அதோடு கால் பங்கைக் கூட்டி இரண்டேகால் கியூபுக்குச் சொல்லுங்கள்.

மண் எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்பதைக் கட்டாயம் கேளுங்கள். மிதிவெடி அகற்றிக் கையளிக்கப்பட்ட காணியா என்று கிராம அலுவலரிடம் உறுதிப்படுத்தாமல் எந்தக் கரையையும் வெட்ட விடாதீர்கள். வாளியில் தெரியாத இரும்போ பிளாஸ்ரிக் பொருளோ வந்தால் இயந்திரத்தை நிறுத்தி, தொடாமல் வந்த வழியே விலகி, பொலிசுக்கு அறிவியுங்கள். பிள்ளைகளை வேலை நடக்கும் இடத்துக்கு விடவே வேண்டாம்.

இனி, காலையில் திறப்பைத் திருப்பினால் இயந்திரம் ‘டிக்’ என்றுகூடச் சொல்லாமல் நிற்கும் சங்கதி. மழைக்குள் நின்ற இயந்திரத்தில் இது அடிக்கடி நடக்கும். முதலில் முன்விளக்கைப் போடுங்கள். மங்கலாக எரிந்தால் குறை பற்றரியிலோ அதன் முனைகளிலோ. பச்சை பிடித்திருந்தால் துடைத்து இறுக்குங்கள். விளக்கு நன்றாக எரிந்தும் சத்தமில்லை என்றால், கியர் நியூற்றலில் உள்ளதா, கிளச் முழுக்க மிதிபட்டதா என்று பாருங்கள். பல இயந்திரங்களில் கிளச் மிதியடியின் கீழோ கியர்த் தடியின் அடியிலோ ஒரு சிறு சுவிச் இருக்கும். அது அழுத்துப்படாவிட்டால் ஸ்ராட்டருக்கு மின் போகாது. சேறு உறைந்தாலும், எலி வயரைக் கடித்தாலும் அதே நிலைதான்.

சோதிக்க, பற்றரியின் மறை முனையைக் கழற்றிவிட்டு, சுவிச்சின் இரு வயர்களையும் எடுங்கள். மல்ரிமீற்றரை ஒலி எழுப்பும் நிலையில் வைத்து, அதன் இரு முனைகளையும் சுவிச்சின் இரு கால்களில் பிடியுங்கள். குமிழை அழுத்தும்போதும் விடும்போதும் ஒலி மாற வேண்டும். இரண்டு நிலையிலும் ஒன்றுபோல இருந்தால் சுவிச் பழுது. மாறினால் சுவிச் நல்லது. பியூஸ், வயர், திறப்புச் சுவிச் என்று தேடுங்கள்.

அவசரத்தில் சிலர் அந்த இரு வயர்களையும் சேர்த்து முறுக்கிவிடுவார்கள், அல்லது நிலத்தில் நின்றபடி ஸ்ராட்டரில் திருப்புளியை வைத்துக் குறுக்கிணைப்பார்கள். இயந்திரம் ஸ்ரார்ட் ஆகும்தான். ஆனால் கியரில் இருந்தால் அந்தக் கணமே பாயும். பின்சில்லுக்கு முன்னால் நிற்பவர் நீங்கள். ஒரு நாள் வேலை போனாலும் பரவாயில்லை, இதைச் செய்யாதீர்கள், செய்ய விடாதீர்கள்.

சுவிச் வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டு போங்கள். பார்வைக்கு ஒன்றுபோல இருந்தும், அழுத்தினால் இணைவது, அழுத்தினால் பிரிவது என்று இரண்டு வகை உண்டு.