கேளம்பாக்கம் பக்கத்து மணற்பாங்கான நிலங்களில் வெண்டை சாகுபடி

வெண்டை பருத்தியின் குடும்பத்தைச் சேர்ந்த பயிர். பூவரசு, துத்தி, செம்பருத்தி, புளிச்சை ஆகியனவும் இக்குடும்பத்தனவே. இவ்வுறவு குடியானவர் நினைவில் வைக்கத்தக்கது. பருத்திக் காயைக் குடையும் புள்ளிப் புழுவே வெண்டையின் குருத்தையும் காயையும் குடைகின்றது. வரப்பிலுள்ள உறவுக் களைகளே வெண்டையின் நோய்க்குத் தங்குமிடமாகின்றன. ஆகையால் பருத்திக்குப் பின்னும் புளிச்சைக்குப் பின்னும் அதே நிலத்தில் வெண்டையை விதைத்தல் கூடாது.

நிலமும் நீரும்

கேளம்பாக்கத்தின் கிழக்கே கழியும் பக்கிங்காம் கால்வாயும் உள்ளன. உப்பளங்களுக்குப் பெயர்பெற்ற இப்பக்கத்து நிலம் பெரும்பாலும் மணற்பாங்கானது. வடிகால் நன்றாயிருப்பதால் வெண்டையின் ஆணிவேர் தடையின்றி இறங்கும். ஆனால் மணல் ஈரத்தையும் எருச்சத்தையும் நெடுநேரம் பிடித்து வைப்பதில்லை. ஏக்கருக்கு 10 டன் மக்கிய தொழுவுரம் இடுவதும், கிடைக்குமிடங்களில் ஏரி வண்டலைச் சேர்ப்பதும் இக்குறையைப் போக்கும்.

கிணற்று நீரே இங்கு முதன்மையான கேள்வி. கடலோர மணலில் மழையினால் சேர்ந்த நன்னீர், கனமான உப்பு நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. நன்னீரின் மட்டம் ஓர் அடி தாழுமானால், அடியிலுள்ள உப்பு நீர் காலப்போக்கில் ஏறக்குறைய 40 அடி வரை மேலேறக்கூடும் என்பது நிலத்தடி நீர்க் கணக்கு. எனவே ஒரே நாளில் கிணற்றை வற்ற இறைப்பது தன் கிணற்றையும் அண்டை வீட்டார் கிணற்றையும் கெடுப்பதாகும். நாள்தோறும் சிறிது சிறிதாக இறைத்தலே தக்கது. மணலுக்கும் அடிக்கடி பாயும் சிறு நீரே ஏற்றது.

வெண்டை உவரை அதிகம் தாங்காது. முளைக்கும் பருவத்தில் சிறிதும் தாங்காது. விதைக்குமுன் கிணற்று நீரைப் பரிசோதனைக்கு அனுப்புதல் வேண்டும். நீர் சற்றே உவராயிருப்பின், விதையைப் பாரின் உச்சியில் ஊன்றாமல் பக்கச் சரிவில் ஊன்றுக. நீர் ஆவியாகும்போது உப்பு உச்சியிலேயே பூத்து நிற்குமாதலால், சரிவிலுள்ள விதை தப்பிப் பிழைக்கும்.

பருவம்

வெண்டைக்கு ஆனி, ஆடி மாதங்களும் மாசி மாதமும் உரிய பட்டங்கள். கழியோரக் கிணறுகளை நம்பியவர்க்கு மாசிப் பட்டத்தில் ஒரு நன்மை உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் கிணறு நிறைந்து நீர் இனிமையாயிருக்கும். பின்னேறிய ஆடிப் பட்டமோ கடைசிப் பறிப்பின்போது வடகிழக்குப் பருவமழையில் அகப்பட்டு வேரழுகும். ஆயினும் மாசிப் பயிர் கோடையில் வளர்வதால், வெள்ளை ஈயின் தொல்லை அதற்கு மிகுதி. அதைக் கீழே காண்க.

விதைப்பும் எருவும்

ஏக்கருக்கு 3 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட விதை வேண்டும். கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதைத்தால் நாற்றழுகல் குறையும். 45 சென்டிமீட்டர் இடைவெளியில் பார் பிடித்து, 30 சென்டிமீட்டருக்கு ஒரு குழியாக மும்மூன்று விதை ஊன்றி, பத்தாம் நாள் குழிக்கு இரண்டு செடி நிற்கும்படி கலைத்துவிடுக. தொழுவுரத்துடன் ஏக்கருக்கு 8 கிலோ தழைச்சத்து, 20 கிலோ மணிச்சத்து, 12 கிலோ சாம்பல்சத்து அடியுரமாகவும், முப்பதாம் நாள் மீண்டும் 8 கிலோ தழைச்சத்து மேலுரமாகவும் இடலாம். மணல் நிலத்தில் வேர்முடிச்சு நூற்புழு மலிந்திருக்குமாதலால், வேப்பம் பிண்ணாக்கைச் சேர்த்தலும், பழைய பயிரின் வேரைப் பிடுங்கி முடிச்சுண்டா என்று பார்த்தலும் நன்று.

மஞ்சள் நரம்புத் தேமல்

வெண்டைக்கு வரும் கேடுகளுள் தலையாயது இது. முதலில் இலை நரம்புகள் மஞ்சளாகும். பின் இலை முழுதும் வெளுக்கும். காய் மஞ்சளித்துச் சிறுத்து நாராகும். பம்பாய்ப் பகுதியில் 1924-ஆம் ஆண்டிலேயே இந்நோய் குறிக்கப்பட்டது. இது நச்சுயிரியால் வருவது. வெள்ளை ஈ அதனைச் செடிக்குச் செடி கொண்டு செல்கின்றது. விதை வழியாக இது பரவுவதில்லை. ஆதலால் நோய் கண்டவுடன் விதை விற்றவரைக் குறைகூறி வாளாவிருத்தல் பயனற்றது. நோய் வயலுக்குள்ளிருந்தும் வரப்பிலிருந்துமே வருகின்றது.

மஞ்சளித்த செடிக்கு மருந்தில்லை. முளைத்த 35 நாளுக்குள் நோய் பற்றிய செடிகளில் விளைச்சல் நூற்றுக்கு 94 பங்கும், 50 நாளில் பற்றியவற்றில் 84 பங்கும், 65 நாளில் பற்றியவற்றில் 49 பங்கும் குறைந்ததாக 1974-இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகின்றது. எனவே முதல் ஐந்து வாரக் காவலே பயிரின் கதியைத் தீர்மானிக்கும்.

இங்கேதான் குடியானவர் பெரும்பாலும் தவறுகின்றனர். முளைத்து வளர்த்த செடியைப் பிடுங்க மனம் வருவதில்லை. "நாலு காயாவது காய்க்கட்டுமே" என்று விட்டுவிடுகின்றனர். கணக்குப் பார்ப்போம். 20 சென்ட் நிலத்தில் ஏறக்குறைய 6,000 குழிகள் இருக்கும். முதலில் மஞ்சளித்த பத்துச் செடிகளைப் பிடுங்கினால் இழப்பு கண்ணுக்குத் தெரியாது. விட்டாலோ, அவற்றின் சாற்றை உறிஞ்சிய ஈக்கள் மறு செடிகளில் அமர்ந்து, வயல் முழுவதும் மஞ்சளிக்கச் செய்யும். நான்கு காய்க்காக நாலாயிரம் செடிகளைப் பணயம் வைத்தல் விவேகமன்று. பிடுங்கியவற்றை வரப்பில் எறியாமல் உடனே புதைத்தல் வேண்டும்.

ஏக்கருக்கு ஐந்து மஞ்சள் ஒட்டுப் பொறிகள் வைத்தலும், 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாற்றை இலையின் அடிப்புறம் நனையத் தெளித்தலும், சுற்றிலும் இரு வரிசை மக்காச்சோளம் நெருக்கமாக விதைத்தலும் ஈயைக் குறைக்கும்.

எதிர்ப்புத் திறனுள்ள வகைகளும் உண்டு. ஆனால் அத்திறன் நிலையானதன்று. டில்லியில் உண்டாக்கப்பட்ட பூசா சவானி 1950-களின் கடைசியில் நோயைத் தாங்கிப் புகழ்பெற்றது; சில ஆண்டுகளில் அதுவும் நோய்க்கு இரையாயிற்று. அதன்பின் காட்டினத்தோடு கலந்து பர்பனி கிராந்தியும், பெங்களூரில் அர்கா அனாமிகாவும் தோற்றுவிக்கப்பட்டன. எவ்வகையாயினும் களையெடுப்பையும் செடி பிடுங்குதலையும் கைவிடலாகாது.

புழு குடைந்த குருத்தையும் காயையும் கிள்ளியெடுத்து அழித்தல், ஏக்கருக்கு ஐந்து இனக்கவர்ச்சிப் பொறி வைத்தல் ஆகியன காய்ப்புழுவுக்குப் போதிய தொடக்கமாகும்.

பறிப்பு

விதைத்த 45-ஆம் நாள் முதல் காய் பறிக்கலாம். பூத்த ஐந்தாறு நாளில் காய் பிஞ்சாயிருக்கும். நுனியை ஒடித்தால் "டக்"கென்று ஒடியவேண்டும். வளைந்தால் முற்றியது. ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்காவிடில் முற்றிய காய்கள் செடியின் சத்தை உறிஞ்சி, புதுப் பூவைக் குறைக்கும். நன்கு கவனித்த வயலில் மூன்று மாதத்தில் ஏக்கருக்கு 5 முதல் 6 டன் வரை எதிர்பார்க்கலாம்.

காயிலுள்ள கொழகொழப்புச் சத்தே சாம்பாருக்கும் காரக்குழம்புக்கும் செறிவு தருவது. தண்டையும் வேரையும் நசுக்கியெடுத்த சாற்றைக் கரும்புப் பாலில் சேர்த்து அழுக்கு நீக்குதல் வெல்லம் காய்ச்சுவோர் கையாளும் முறை. ஓய்ந்த செடியும் இவ்வாறு பயன்படும். மஞ்சளித்த செடிகளை மட்டும் இதற்கென்று வயலோரம் குவித்து வைத்தல் கூடாது.

கிராம அதிகாரிகள் கவனத்திற்கு

புறம்போக்கிலும் கால்வாய்க் கரையிலும் மண்டியுள்ள துத்தி முதலிய களைகளைப் பஞ்சாயத்தின் மூலம் மாசிக்கு முன்பே நீக்கச் செய்தலும், எந்தக் கிணறு எந்த மாதத்தில் உவர்க்கின்றது என்று குறித்து வைத்தலும் பெரிதும் உதவும். ஒருவர் வயலைச் சுத்தமாக வைத்து அடுத்தவர் வைக்காவிடில் ஈ வரப்பைப் பார்த்து நிற்பதில்லை. ஊர் கூடிச் செய்தால்தான் இக்காரியத்தில் பலனுண்டு.