மண்ணுக்குள் ஓர் ஊர்

மண்ணுக்கு அடியில் பழைய ஊர்கள் புதைந்து கிடக்கின்றன. அவற்றைத் தோண்டிப் பார்த்து, அந்தக் கால மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று கண்டறிகிறார்கள். இதற்குப் புதைபொருள் ஆராய்ச்சி என்று பெயர்.

இந்த வேலைக்கு ஆசைப்பட்டார் ஒரு பெண். அவர் பெயர் ஹாரியட் பாய்ட். 1871இல் அமெரிக்காவில் பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்தார். அண்ணன்மாரோடு வளர்ந்தார். கல்லூரியில் கிரேக்க மொழி படித்தார்.

1896இல் கிரேக்க நாட்டுக்குப் போனார். ஏதென்ஸ் நகரில் இருந்த ஓர் ஆராய்ச்சிப் பள்ளியில் சேர்ந்தார். ஆண்கள் தோண்டும் வேலைக்குப் போனார்கள். ஹாரியட்டும் போக விரும்பினார். பெண்களுக்கு அது சரிவராது, நூலக வேலை பார்க்கலாம் என்றார்கள். 1897இல் அங்கே போர் வந்தது. அப்போது ஹாரியட் காயம்பட்ட வீரர்களுக்கு மருந்து கட்டினார். அதற்கு மட்டும் பெண் போகலாமாம்!

அவரிடம் படிப்பு உதவித்தொகையில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு 1900இல் கிரீட் தீவுக்குப் போனார். கோவேறு கழுதை மேல் ஏறி ஊர் ஊராகச் சுற்றினார். பழைய பொருள்கள் எங்கே கிடைக்கும் என்று கிராமத்து மக்களிடம் விசாரித்தார்.

1901இல் ஒரு விவசாயி வழி சொன்னார். கடல் ஓரத்தில் ஒரு சிறு குன்று. அங்கே பழைய சுவர்கள் தெரிகின்றன என்றார். ஹாரியட் ஆள் வைத்துத் தோண்டினார். மூன்றே நாளில் வீடுகள் தெரிந்தன. கல் பாவிய தெருவும் தெரிந்தது. அந்த இடத்தின் பெயர் குர்னியா.

ஆண்கள் தோண்டினார்கள். பெண்கள் பானை ஓடுகளைக் கழுவினார்கள். வேலை முழுவதையும் ஹாரியட்டே முன்நின்று நடத்தினார். அந்தக் காலத்தில் இப்படி நடத்திய பெண்கள் மிக மிகக் குறைவு. 1903, 1904 ஆண்டுகளிலும் வேலை நடந்தது.

அது சுமார் 3500 ஆண்டுகளுக்கு முந்தைய ஊர். குறுகிய சந்துகள். சின்னச் சின்ன அறைகள். ஒரு வீட்டில் தச்சர் வைத்துவிட்டுப் போன வெண்கல ரம்பமும் உளிகளும் இருந்தன. தூண்டில் முள் கிடைத்தது. தறியில் நூலை இழுத்துக் கட்டும் மண் குண்டுகள் கிடைத்தன. ஊரில் சிறிய அரண்மனையும் உண்டு. ஆனால் எனக்கு அந்தத் தச்சர் வீடுதான் பெரிதாகத் தெரிகிறது. ராஜாக்கள் கதை எங்கும் கிடைக்கும். தச்சர் கதையை யார் எழுதி வைத்தார்கள்?

ஹாரியட் எழுதினார். 1906இல் அவருக்குத் திருமணம் ஆனது. குழந்தை பிறந்தது. 1908இல் குர்னியா பற்றிய பெரிய புத்தகம் படங்களோடு வெளிவந்தது. 1945இல் அவர் காலமானார்.

குர்னியாவின் தெருக்களில் இன்றும் நடந்து போகலாம். கூரை இல்லை. சுவர்கள் நிற்கின்றன.