நாடியும் கையெழுத்தும்: பகதூர் ஷா ஜாஃபரின் அரண்மனை மருத்துவர் ஹக்கீம் அஹ்சானுல்லா கான்

ஆய்வுச் சுருக்கம்

முகலாயப் பேரரசின் இறுதி மன்னர் இரண்டாம் பகதூர் ஷா ஜாஃபரின் நம்பிக்கைக்குரிய மருத்துவராகவும் அமைச்சருக்கு நிகரான ஆலோசகராகவும் இருந்தவர் ஹக்கீம் அஹ்சானுல்லா கான். மன்னரை ரங்கூனுக்கு நாடு கடத்திய 1858ஆம் ஆண்டு விசாரணையில் அரசுத் தரப்பின் முதன்மைச் சாட்சிகளுள் ஒருவராக நின்றவரும் இவரே. இவரைத் துரோகி எனக் கூறிக் கடந்துவிடும் வழக்கம் வரலாற்றெழுத்தில் உண்டு. ஆட்சி கைநழுவிய அரசவையில் மருத்துவமும் அமைச்சும் ஒரே மனிதரிடம் சேர்ந்த சூழலை வைத்து அவருடைய வாழ்க்கையை மறுவாசிப்புச் செய்கிறது இக்கட்டுரை.

திறவுச்சொற்கள்: ஹக்கீம், யூனானி, பகதூர் ஷா ஜாஃபர், 1857, ரங்கூன், அமைச்சு, மருந்து

சொல்லும் பொருளும்

திருவாரூர் மாவட்டம் முத்துப்பேட்டையை அடுத்த ஜாம்புவானோடையில் அடங்கியுள்ள இறைநேசரின் பெயர் ‘ஹக்கீம்’ என்னும் அடைமொழியோடுதான் வழங்குகிறது. ஹக்கீம் ஷைகு தாவூது வலியுல்லாஹ் தர்காவுக்கு நோய் தீர வேண்டி வருவோர் சமயம் பார்த்து வருவதில்லை. காவிரிக் கழிமுகத்து மக்களின் செவிக்கு இச்சொல் மருத்துவரையும் ஞானியையும் ஒருங்கே குறிக்கிறது. அரபு மூலத்திலும் அவ்விரு பொருள்களும் உள்ளன. ஆனால் அதே வேரிலிருந்து கிளைத்த வேறு இரு சொற்களும் நம்மிடையே வந்து சேர்ந்துள்ளன. ‘ஹாக்கிம்’ என்பது ஆள்வோரை அல்லது நீதி வழங்குவோரைக் குறிக்கும். ‘ஹுக்கும்’ என்பது ஆணை. நோயறிதலும் ஆணையிடுதலும் ஒரே வேரில் பிறந்தவை என்பதை மொழி மறக்கவில்லை.

தமிழ் மரபும் இவ்வுறவை அறிந்ததே. ‘மருந்து’ அதிகாரத்தை வள்ளுவர் பொருட்பாலில்தான் வைத்தார். நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுபவன் என்னும் நான்கும் கூடியதே மருத்துவம் என்று அவர் வகுத்ததும் அங்கேதான். சிலப்பதிகாரத்துப் புகார் நகரில், பட்டினப்பாக்கத்தில் வாழ்வோருள் ஆயுள்வேதரும் எண்ணப்படுகின்றனர். ஐம்பெருங்குழுவை விளக்கும் உரை மரபுகளுள் ஒன்று மருத்துவரை அமைச்சரோடு சேர்த்தே கூறுகிறது. எனினும் இம்மரபுகளில் மருத்துவர் வேறு, அமைச்சர் வேறு. இருவரும் ஒருவராகும்போது என்ன நேரும் என்பதற்கு விடை தேட டெல்லிச் செங்கோட்டைக்குச் செல்ல வேண்டியுள்ளது.

உடலளவாகச் சுருங்கிய அரசு

1837இல் அரியணை ஏறியபோது ஜாஃபருக்கு வயது அறுபதைக் கடந்திருந்தது. மாதம் ஒரு லட்சம் ரூபாய் உதவித்தொகையில் வாழ்ந்த அவருடைய ஆணை கோட்டைச் சுவர்களுக்கு வெளியே செல்லாது. கவிதை, இசை, புறா வளர்ப்பு, சூஃபி நெறி ஆகியவற்றில் அவர் காலம் கழிந்தது. அவரே சீடர்களை ஏற்ற பீர். தாயத்து மந்திரித்துக் கொடுத்தவர்.

இந்நிலை டெல்லிக்கு மட்டும் உரியதன்று. 1799ஆம் ஆண்டு உடன்படிக்கையால் தஞ்சைக் கோட்டை அளவில் அதிகாரம் ஒடுக்கப்பட்ட இரண்டாம் சரபோஜி, மருத்துவத்தின் பக்கம் திரும்பினார். தன்வந்திரி மகாலும், தமிழ்ச் செய்யுளாக வடிக்கப்பட்ட சரபேந்திர வைத்திய முறைகளும், கண் நோயாளிகளைப் பற்றிய ஓவியத்தோடு கூடிய குறிப்புகளும் அதன் பயன். நாட்டை ஆள இயலாத மன்னர் உடலைப் பேணும் கலையில் தம் அரசினை நிறுவிக்கொண்டார் எனலாம். ஜாஃபருக்குச் சரபோஜியின் ஆய்வு மனப்பான்மை வாய்க்கவில்லை. அவர் ஆராய்ச்சியாளராகாமல் நோயாளியாகவே இருந்தார். அரசு மன்னரின் உடலளவாகச் சுருங்கியபோது, அவ்வுடலைக் காப்பவர் தாமாகவே அமைச்சரானார். அஹ்சானுல்லா கானின் எழுச்சிக்கு இதைவிட எளிய விளக்கம் இல்லை. நாள்தோறும் நாடி பார்க்கும் உரிமை பெற்றவர் நாள்தோறும் செவியில் பேசும் உரிமையையும் பெறுகிறார்.

அவர் வெறும் அரண்மனைச் சூழ்ச்சியாளர் அல்லர். 1850 ஜூலையில் மிர்சா காலிப் முகலாய மரபின் வரலாற்றைப் பாரசீகத்தில் எழுத ஆண்டுக்கு 600 ரூபாய் ஊதியத்தில் அமர்த்தப்பட்டதற்குப் பின்னால் ஹக்கீமின் கை இருந்தது. பழைய நூல்களிலிருந்து செய்திகளைத் திரட்டிக் கொடுத்தவர் ஹக்கீம். அவற்றுக்குப் பாரசீக நடையழகு ஊட்டியவர் காலிப். ‘மிஹ்ரெ நீம்ரோஸ்’ என்னும் நூல் அவ்வாறு பிறந்தது. மரணப் படுக்கையில் இருந்த ஓர் அரச மரபின் வரலாற்றை எழுதுவிக்க முனைந்தவர் அம்மரபின் மருத்துவர் என்பது கருதத்தக்கது.

முற்றுகைக் காலம்

1857 மே 11ஆம் நாள் மீரட்டிலிருந்து வந்த சிப்பாய்கள் செங்கோட்டைக்குள் நுழைந்தனர். 81 வயது முதியவர் ஒரே நாளில் ஒரு போரின் தலைவராக்கப்பட்டார். ஹக்கீமின் அறிவுரை அன்று முதல் இறுதிவரை மாறவேயில்லை: இவர்கள் வெல்லமாட்டார்கள், இவர்களோடு மன்னர் பிணைந்துவிடக் கூடாது. அன்றிரவே ஆக்ராவிலிருந்த ஆங்கிலேய ஆளுநருக்கு ஒட்டகத் தூதுவர் வழியாகச் செய்தி அனுப்பச் செய்தவரும் அவரே.

சிப்பாய்களின் கண்ணில் இது காட்டிக்கொடுத்தலன்றி வேறில்லை. சில நாள்களில் ஹக்கீமின் முத்திரையும் அரண்மனைத் தலைமை அலுவலர் மஹ்பூப் அலி கானின் முத்திரையும் கொண்ட கடிதம் ஒன்று அவர்கள் கையில் சிக்கியது. இருவரும் மறுத்தனர். சிப்பாய்கள் உருவிய வாளோடு அவர்களைச் சூழ்ந்தனர். அரண்மனையில் அடைக்கப்பட்டிருந்த சுமார் 50 ஐரோப்பியர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், மே 16 அன்று கொல்லப்பட்டதற்கு இக்கடிதம் தூண்டிய சினமும் காரணமாயிற்று. கொலைக்கு ஹக்கீம் உடன்படவில்லை. எனினும் மன்னரின் பெயரால் எழுத்து எழுதும் ஆலோசகர் ஒருவரின் செயல், எண்ணாத இடத்தில் எண்ணாத உயிர்களைப் பலி கொண்டது. மருத்துவர் தரும் மருந்து தவறினால் கெடுவது ஒருவர் உடல். அமைச்சரின் மருந்து அவ்வாறு நின்றுவிடுவதில்லை.

ஆகஸ்டு 7 அன்று நகரின் வெடிமருந்துப் பட்டறை வெடித்துச் சிதறிப் பலர் மாண்டனர். பழி உடனே ஹக்கீம்மேல் விழுந்தது. அவருடைய மாளிகை சூறையாடப்பட்டு எரியூட்டப்பட்டது. அந்த அழிவைக் காலிப் ‘தஸ்தம்பூ’வில் பதிவு செய்துள்ளார். ஹக்கீம் அப்போது மன்னரோடு இருந்தார். சிப்பாய்கள் அவரைக் கேட்டு அரண்மனையை வளைத்தபோது ஜாஃபர் அவரை மறைத்து வைத்தார். ஒப்படைக்க வேண்டி வந்தபோதும் உயிருக்கு ஊறு நேராது என்னும் உறுதியைப் பெற்ற பின்னரே விட்டார். சில நாள் காவலுக்குப்பின் ஹக்கீம் விடுவிக்கப்பட்டார். மருத்துவரின் உயிரை நோயாளி காத்த நிகழ்ச்சி இது. ஹக்கீமின் வாழ்க்கையை எடைபோடும் எவரும் இந்நாளை ஒதுக்கிவிட இயலாது.

செப்டம்பரில் நகரம் வீழ்ந்தது. தம்முடன் வந்து போரைத் தொடருமாறு பக்த் கான் மன்னரை வேண்டினார். ஹக்கீமும் மன்னரின் உறவினரான மிர்சா இலாஹி பக்ஷும் அதற்கு எதிராகவே பேசினர். செப்டம்பர் 21 அன்று ஹுமாயூன் கல்லறையில், உயிர் காக்கப்படும் என்னும் வாக்கின்பேரில் ஜாஃபர் ஹாட்சனிடம் சரணடைந்தார். மறுநாள் அவருடைய இரு மகன்களும் ஒரு பேரனும் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

அதே நாள்களில் டெல்லியின் வேறொரு மருத்துவக் குடும்பத்தின் கதை வேறாக இருந்தது. பல்லிமாரானில் வாழ்ந்த ஷரீஃபி மரபைச் சேர்ந்த ஹக்கீம்கள் பட்டியாலா மன்னருக்கு மருத்துவம் பார்த்தவர்கள். ஆங்கிலேயர் பக்கம் நின்ற அம்மன்னர் அனுப்பிய காவலர்களால் அவர்களுடைய தெரு கொள்ளையிலிருந்து தப்பியது; அங்கே குடியிருந்த காலிப்பும் தப்பினார். மருத்துவர்–மன்னர் உறவு ஒரு தெருவையே காத்தது. அக்குடும்பத்தார் மருத்துவராகவே நின்றுகொண்டனர் என்பது வேறுபாடு.

கையெழுத்தை அடையாளம் காட்டியவர்

1858 ஜனவரி 27இல் திவானே காஸ் மண்டபத்தில் விசாரணை தொடங்கியது. படைத்துறை அதிகாரிகள் ஐவர் நீதி வழங்க அமர்ந்தனர். ஜாஃபர் மெத்தையில் சாய்ந்திருந்தார், பலமுறை கண்ணயர்ந்தார். அவருடைய உடல்நலக் குறைவால் விசாரணை ஒத்திவைக்கப்பட்டதும் உண்டு. அம்மண்டபத்தில் அவ்வுடலை நன்கறிந்தவர் ஒருவரே இருந்தார். அவர் சாட்சிக் கூண்டில் நின்றார்.

தம் உயிருக்கு உறுதி பெற்றபின் ஹக்கீம் அரசுத் தரப்பில் சாட்சியம் அளித்தார். அரண்மனையில் கைப்பற்றப்பட்ட ஆவணங்கள் ஒவ்வொன்றாகக் காட்டப்பட்டன. எது மன்னரின் கையெழுத்து, எது யாருடைய எழுத்து என்பதை அவர் அடையாளம் காட்டினார். பாரசீகத்தோடு இருந்த தொடர்பு, ஹசன் அஸ்கரி என்னும் பீரின் வாக்குகள், மன்னர் அவர்மேல் வைத்த நம்பிக்கை ஆகியவை குறித்தும் கூறினார்.

இச்சாட்சியத்தின் கனத்தை அறிய ஜாஃபரின் எதிர்வாதத்தையும் பார்க்க வேண்டும். தாம் சிப்பாய்களின் கைதியாக இருந்ததாகவும், அவர்கள் விரும்பியதை எழுதித் தம் முத்திரையை இட்டுக்கொண்டதாகவும் அவர் எழுத்து வடிவில் வாதிட்டார். முத்திரையைப் பிறர் இடலாம். கையெழுத்தைப் பிறர் இட இயலாது. ஆகவே முதியவரின் வாதம் முழுவதும் எழுத்தின்மேல் நின்றது. அவ்வெழுத்தை அவருடையது என்று உறுதிப்படுத்த வல்லவர், அவர் எழுதுவதை அருகிருந்து ஆண்டுக்கணக்கில் கண்டவர். படுக்கையருகே பெற்ற அறிவு மண்டபத்தில் சான்றாயிற்று.

ஹக்கீமின் குற்றத்தை இந்த இடத்தில்தான் தேட வேண்டும். முற்றுகைக் காலத்து அறிவுரையில் அன்று. வெல்ல இயலாத போரை விலக்கச் சொன்னது, வரப்போவதை முன்னுரைக்கும் ஓர் அமைச்சரின் கடமைக்குள் அடங்கும்; அவர் கணிப்பு பொய்க்கவும் இல்லை. அவரைத் துரோகி என்போர் இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புகின்றனர். அவரை விவேகி என்று காக்க முயல்வோரும் அதே குழப்பத்தைத்தான் மறுபுறமிருந்து செய்கின்றனர். அவர் பெயரில் வழங்கும் நினைவுக்குறிப்பு நகரம் வீழ்ந்தபின், வென்றவர் பார்வைக்கென எழுந்தது என்பதால் அதனைக் கொண்டு அவருடைய உள்ளத்தை அளவிடுவதும் எளிதன்று. அச்சம் அதன் வரிகளிடையே உள்ளது.

ஒப்பீட்டுக்குச் செயின்ட் ஹெலினா தீவைக் கருதலாம். நெப்போலியனுக்கு மருத்துவராக அமைந்த அயர்லாந்துக்காரர் பாரி ஓ’மீரா பிரிட்டிஷ் கடற்படையைச் சேர்ந்தவர். தீவின் ஆளுநர் ஹட்சன் லோ, நோயாளியின் தனிப் பேச்சுகளைத் தமக்கு அறிவிக்குமாறு வற்புறுத்தினார். ஓ’மீரா மறுத்தார், 1818இல் நீக்கப்பட்டார், கடற்படைப் பட்டியலிலிருந்தும் அவர் பெயர் அடிக்கப்பட்டது. ஆனால் அவரும் மாசற்றவர் அல்லர். லண்டனில் கடற்படைத் துறையிலிருந்த நண்பருக்கு நெப்போலியனைப் பற்றி மறைவாகக் கடிதம் எழுதிவந்தவர். 1822இல் அவ்வுரையாடல்களை நூலாக்கிப் புகழ் பெற்றவர். நாடிழந்த மன்னரின் படுக்கையருகே கேட்டது எதுவும் அங்கேயே நின்றுவிடுவதில்லை. இருவருக்கும் உள்ள வேறுபாடு, அதனை யாரிடம், எப்போது, யாருக்கு எதிராகச் சொன்னார்கள் என்பதிலேயே இருக்கிறது.

ரங்கூன்

மார்ச் 9 அன்று ஜாஃபர் எல்லாக் குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. ஹாட்சன் அளித்த வாக்கினால் மரண தண்டனை இல்லை. அக்டோபரில் அவர் டெல்லியை விட்டுப் புறப்பட்டு டிசம்பரில் ரங்கூன் சேர்ந்தார். அரசி ஜீனத் மஹலும் இளவரசர் ஜவான் பக்தும் உடன் சென்றனர். ஹக்கீம் செல்லவில்லை. வள்ளுவர் வகுத்த நான்கினுள் நோயாளியும் உடனிருந்து பேணுவோரும் கடல் கடந்தனர். முதியவரின் உடலை அறிந்த மருத்துவர் இக்கரையில் தங்கிவிட்டார். அவ்வுடலைப் பற்றிய குறிப்புகளை அதன்பின் எழுதியவர் காவல் அதிகாரி நெல்சன் டேவிஸ். 1862 நவம்பர் தொடக்கத்தில், தொண்டை செயலிழந்ததால் முதியவருக்கு உணவு இறங்கவில்லை எனக் குறித்த அவர், செங்கல்லும் சுண்ணாம்பும் தருவிக்க ஏற்பாடு செய்தார். நவம்பர் 7 விடியற்காலையில் ஜாஃபர் இறந்தார். அன்று மாலையே காவல் வளாகத்தின் பின்புறம் அடக்கம் நடந்தது. இடம் அடையாளம் தெரியாதபடி புல் மூடிவிடும் என்றும் டேவிஸ் எழுதி வைத்தார்.

கழிமுகக் கடற்கரை முஸ்லிம் வணிகர்களுக்கு ரங்கூன் அந்நிய நகரமன்று. சோழியா முஸ்லிம்கள் என அங்கு அறியப்பட்ட தமிழர் தமக்கெனப் பள்ளிவாசல் எழுப்பி வாழ்ந்தனர். புல் மூடிய நிலம் அந்நகரத்து முஸ்லிம்களின் நினைவில் மூடுண்டு போகவில்லை. ஜாஃபர் அங்கே மன்னராகவன்றிப் பீராகவே போற்றப்பட்டார். 1943 செப்டம்பரில் சுபாஷ் சந்திர போஸ், தமிழர் பெருமளவில் சேர்ந்திருந்த இந்திய தேசிய இராணுவத்தின் தலைவராக அவ்விடத்தில் அஞ்சலி செலுத்தினார். 1991 பிப்ரவரியில் வடிகாலுக்காகத் தோண்டியபோது செங்கல் கட்டிய உண்மையான கல்லறை வெளிப்பட்டது. இன்று அது ஒரு தர்கா.