நோய்க்காலமும் வீட்டுத் தண்ணீரும்



2020 மார்ச் மாதக் கடைசியில் ஊரடங்கு வந்தபோது வழிபாட்டு இடங்கள் எல்லாம் அடைபட்டன. சாமிதோப்புக்குப் போய் முத்திரிக்கிணற்றில் பதமிட வழியில்லை. வீட்டிலேயே குளித்து, திருநாமம் இட்டு, விளக்கின் முன் நின்று அய்யாவை வணங்கினோம். அந்த மாதங்களில் நம் வீடுகளில் தண்ணீர் புழங்கும் முறையும் மாறிப்போனது. இம்முறை அதையே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

நம் பாட்டிமார் காலத்தில் முற்றத்தில் ஒரு கிண்டியிலோ செம்பிலோ தண்ணீர் இருக்கும். வெளியே போய்வந்தவர் கால் கழுவாமல் நடையேற மாட்டார். வீட்டுக்குள் குழாய் வந்ததும் கிண்டி பரணில் ஏறிவிட்டது. கொரோனா அதைத் திரும்ப இறக்கி வைத்தது.

அந்தக் கிருமியைச் சுற்றிக் கொழுப்பாலான ஓர் உறை உண்டு. சோப்பு அதைக் கரைத்துவிடும். அதனால்தான் 20 விநாடி தேய்க்கச் சொன்னார்கள். வேலை செய்வது தேய்ப்புதான், கொட்டும் தண்ணீர் அல்ல. நாமோ குழாயைத் திறந்துவிட்டுத் தேய்த்தோம். ஒரு தடவைக்கு 2 லிட்டர் என்று வையுங்கள். ஐந்து பேர், நாளுக்குப் பத்து தடவை: 100 லிட்டர். கிராமத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்பது ஜல் ஜீவன் திட்டத்தின் கணக்கு. ஏறக்குறைய இரண்டு பேருடைய பங்கு, கை கழுவியே ஓடையில் போனது. குழாயை அடைத்துவிட்டுத் தேய்த்து, பிறகு கோப்பையில் கோரி ஊற்றினால் அரை லிட்டர் போதும்.

பள்ளியிலும் வேலையிடத்திலும் செலவான தண்ணீரும் அப்போது வீட்டின் தலையில் விழுந்தது. கடைக்குப் போய்வந்தால்கூடச் சட்டையை நனைத்தோம். சுமந்தது பெண்கள்தான். ஒரு குடத்தின் கனம் எவ்வளவு என்று பல ஆண்களுக்கு அந்த ஊரடங்கில்தான் தெரிந்தது.

துவையல் நமக்குப் புதிதல்ல. சிங்காரத்தோப்புச் சிறையிலிருந்து அய்யா மீண்டு வந்தபின், 700 குடும்பத்தார் வாகைப்பதியில் துவையல் தவசு இருந்தார்கள். அவர்கள் நீராடியதும் துணி துவைத்ததும் கடலில். துப்புரவுக்காகக் குடிதண்ணீரைக் கொட்டிக் கவிழ்க்கவில்லை என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

இதைவிடக் கனமான ஒன்று உண்டு. தாழ்த்தப்பட்டவர் பொதுக்கிணற்றை அண்டக்கூடாது என்றிருந்த திருவிதாங்கூரில்தான், எல்லாச் சாதியாரும் ஒரே கிணற்றில் குளிக்கவும் குடிக்கவும் அய்யா முத்திரிக்கிணற்றைத் தந்தார். தீண்டாமை கடைசிவரை பிடித்துக்கொண்டு நிற்கும் இடம் தண்ணீர்த்துறை.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் நோய் கண்டது. “குழாயடிக்கு வராதீங்க” என்று சொல்லிவிட்டோம். நோயின் முறைக்கு அது சரிதான். ஆனால் அவர்கள் எதைக் குடிப்பார்கள் என்று இரண்டு நாள் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் வயதான ஒரு மாமி தன் குடத்தோடு அந்த வீட்டு நடைக்கு எதிரே போய் நின்றார்.

“மக்ளே, பானையை வெளிய வச்சிட்டு உள்ள போ. நான் விட்டுட்டுப் போறேன்.”

நோய் மூச்சில் தொற்றுவது. எட்ட நின்று ஊற்றும் தண்ணீரில் என்ன வந்துவிடும்? மறுநாளிலிருந்து தெருவார் முறை வைத்துக்கொண்டு ஊற்றினார்கள். 14 நாள் முடிந்து அந்த வீட்டுப் பெண் குழாயடிக்கு வந்தபோது, இரண்டு பேர் தங்கள் குடத்தை நகர்த்திக்கொண்டார்கள். மாமி தன் குடத்தை அவள் குடத்தோடு ஒட்டி வைத்தார். அவள் பிடித்து முடித்ததும், அதே கைப்பிடியைப் பிடித்துத் தன் குடத்தை நிரப்பினார்.