அளவான உழைப்பு

உணவு, உறக்கம், உழைப்பு ஆகியவற்றில் அளவு வேண்டும் என்று கீதையின் ஆறாம் அத்தியாயம் 16, 17ஆம் சுலோகங்களில் பகவான் அருளியது தியானத்தில் அமர்பவருக்கு மட்டும் உரியதன்று. பிரயாக்ராஜில் ஆண்டுதோறும் நிகழும் மாக மேளாவிற்குக் கூடாரம் அமைக்கும் தற்காலிகத் தொழிலாளி ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். பகலெல்லாம் மூங்கில் சுமந்தவர், இருட்டியபின் திரும்புகையில் கண் சொருகி, சைக்கிளோடு கங்கைக்கரை மணலில் சரிகிறார். முழங்காலில் சிராய்ப்பு, வேறொன்றுமில்லை. உடனிருப்போர் பிராரப்தம் என்பர். அன்று அவர் எப்போது உண்டார், எத்தனை மணி நேரம் உழைத்தார் என முதலில் கேட்பதே விவேகம். வேலை முடிந்ததும் புத்தி தளர்ந்துவிடுகிறது; உடலோ இன்னும் வீடு சேரவில்லை. ஆயினும் அளவை அவருக்கு மட்டும் உபதேசிப்பது நியாயமன்று. அச்சுலோகங்களை முதலில் கற்க வேண்டியவர், அவரைப் பணிக்கு அமர்த்தியவரே. நாளை வராவிடில் கூலியில்லை. எனவே காயத்தோடும் அவர் வருவார்.