சமமாய்ப் பங்கிட ஒரு வழி

மைதானத்தில் ஆட்டம் தொடங்குமுன் நாம் கட்சி பிரிக்கிறோம். இரு தலைவியர் நின்று ஒவ்வொருத்தியாகப் பெயர் சொல்லி அழைப்பர். வேகமாய் ஓடுகிறவள் முதலில் போவாள். முடிவில் ஒருத்தி மட்டும் தனியே நிற்பாள். அவளை யாரும் அழைப்பதில்லை. உப்புக்குச் சப்பாணியாய்ச் சேர்த்துக்கொள்வர். ஆட்டம் தொடங்குமுன்பே அவள் தோற்றுவிடுகிறாள்.

நம் பாட்டிமார் இதற்கு வழி கண்டிருந்தனர். அதற்கு உத்தி பிரித்தல் என்று பெயர். திறமையில் ஏறக்குறைய ஒத்த இருவர் இணையாகச் சேர்வர். சற்றுத் தள்ளிப் போய், ஒருத்தி ‘மல்லிகை’ என்றும் மற்றவள் ‘தாமரை’ என்றும் இரகசியமாய்ப் பெயர் வைத்துக்கொள்வர். பின்பு தோளில் கைபோட்டு வந்து, எந்தப் பூ வேண்டுமெனத் தலைவியரைக் கேட்பர். தலைவி பூவைத்தான் கேட்கிறாள். ஆள் யாரென்று அவளுக்குத் தெரியாது. ஆகவே யாரும் ஒதுக்கப்படுவதில்லை.

இதே சிக்கல் எங்கள் வீட்டுத் திண்ணையிலும் வந்தது. நன்னிலத்தில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் வெளியே ஆட முடியாது. களிமண்ணில் எட்டுப் பொம்மைகள் செய்தோம். யானைக்கு வலு 8, குதிரைக்கு 7 என்று தொடங்கி, காலாளுக்கு 1 வரை வைத்தோம். சதுரங்கப் பலகையில் இரு பொம்மைகள் எதிர்ப்பட்டால், ஆளுக்கு ஆறு சோழிகளைக் குலுக்கிப் போடுவோம். நிமிர்ந்த சோழிகளின் எண்ணிக்கையைப் பொம்மையின் வலுவோடு கூட்டி, மிகுந்தவர் வெல்வார். சமமானால் மறுபடி போட வேண்டும்.

பொம்மைப் படை வைத்து ஆடுவது புதிதன்று. ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913-இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்ற நூலில் இத்தகைய ஆட்டத்துக்கு விதிகள் எழுதினார். எங்களுக்கோ, ஆடுவதைவிடப் பொம்மைகளைப் பங்கிடுவதே தகராறாயிற்று!

முதலில் ஒருவர் மாற்றி ஒருவர் எடுத்தோம். முதலில் எடுப்பவருக்கு 8, 6, 4, 2 கிடைக்கும், கூட்டினால் 20. மற்றவருக்கு 7, 5, 3, 1, கூட்டினால் 16. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வலு குறைந்து, நான்கு சுற்றில் நான்கு குறைகிறது. தங்கை அழுததில் நியாயம் இருந்தது.

பிறகு முறையை மாற்றினோம். அக்காள் ஒன்று எடுத்தால் தங்கை இரண்டு எடுப்பாள். அடுத்து அக்காள் இரண்டு, தங்கை இரண்டு. கடைசி ஒன்று அக்காளுக்கு. அக்காளுக்கு 8, 5, 4, 1. தங்கைக்கு 7, 6, 3, 2. கூட்டிப் பாருங்கள்: இருவருக்கும் 18! முந்தியவர் பெற்ற ஆதாயத்தைப் பிந்தியவர் அடுத்த சுற்றில் முந்தி எடுத்து ஈடு செய்கிறார்.

அப்படியானால் மைதானத்திலும் இந்தக் கணக்கையே கையாளலாமா? கட்சிகள் சமமாகலாம். ஆனால் கடைசியாக ஒருத்தி நிற்கத்தானே வேண்டும்? மண் பொம்மைக்கு அதில் வருத்தமில்லை. நம் தோழிக்கு உண்டு. ஆதலால் பொம்மைகளைக் கணக்கால் பங்கிடுவோம். தோழியரை உத்தியால் பிரிப்போம். இணை கிடைக்காமல் ஒருத்தி நின்றால், தலைவியே அவளுக்கு இணையாகட்டும். அந்தக் கட்சிக்கு வேறொரு தலைவி வரட்டும்.

அடுத்த ஓய்வு நேரத்தில் இதைச் செய்து பார்ப்போமா?